பழைய வீடியோ கேம் இதழ்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

1981 கடைசியில் அமெரிக்காவில் 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்'. பிறகு 1984இல் 'கிராஷ்', 1985இல் 'ஸாப்!64', 1986இல் ஜப்பானில் 'ஃபாமிட்சு', 1988இல் 'நின்டெண்டோ பவர்' என்று வரிசை நீண்டுகொண்டே போனது. எல்லாமே ஒரு மாதம் படித்துவிட்டு எடைக்குப் போடுவதற்காக அச்சடித்தவை. அதனால் இன்று இவற்றைச் சேர்க்கிறவர்களுக்கு மூன்று இடத்தில் தலைவலி வரும்: தாளில், ஸ்கேனில், பட்டியலில்.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் உள்ள இதழ் என்ன அறிகுறி காட்டுகிறதோ அதற்குப் போங்கள். எதற்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது பின்னால் வந்த பழுதா, அச்சகத்திலிருந்தே இப்படித்தான் வந்ததா? பிறவியிலேயே இருப்பதைப் பழுது என்று நினைத்துச் 'சரிசெய்து' கெட்டுப்போன பிரதிகள் நிறைய. ஆகவே கை வைக்கும் முன் முன் அட்டை, பின் அட்டை, முதுகு, பிரச்சினை உள்ள இடம் நான்கையும் போனிலாவது படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஓரம் பழுத்திருக்கிறது, தொட்டால் பொடிகிறது

மலிவான தாளில் மரக்கூழோடு, மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளும் சேர்ந்தே வரும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாகும். தாள் செய்யும்போது சேர்த்த படிகார வகை உப்பு மெல்ல அமிலத்தன்மையைக் கூட்டும். அந்த அமிலம் செல்லுலோஸ் இழைகளை அறுக்கும். பழுப்பு நிறம் ஒரு கதை, பொடிவது இன்னொரு கதை. நிறம் மாறியும் வளைந்து கொடுக்கும் தாள் பல வருடம் தாங்கும். வெள்ளையாகத் தெரிந்தாலும் மூலையில் சட்டென்று ஒடியும் தாளுக்குத்தான் அவசரம்.

ஓரத்தில் மட்டும் பழுப்பு, நடுப்பக்கம் வெளுப்பாக இருந்தால் அது வெளியிலிருந்து வந்தது: வெயில், தூசி, அட்டைப்பெட்டியின் அமிலம். பக்கம் முழுக்க ஒரே சீராகப் பழுத்திருந்தால் அது அந்தத் தாளின் இயல்பு. பளபளப்பான ஆர்ட் பேப்பர் பக்கங்களும் சொரசொரப்பான பக்கங்களும் ஒரே இதழில் கலந்திருந்தால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் மூப்படையும். அதைப் பார்த்து வேறு இதழின் பக்கம் கலந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

பழுத்ததை வெளுக்க வைக்க வழி தேடாதீர்கள். பிளீச், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் இழையை இன்னும் பலவீனமாக்கும். செய்யக்கூடியது இவ்வளவுதான்: அமிலமில்லாத பெட்டி, இருட்டு, முடிந்தவரை குளிர்ச்சி. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரண் கூடவே கூடாது. மே மாதத்தில் அது அடுப்பு. வீட்டின் உள்சுவரை ஒட்டிய, தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த அலமாரி போதும். அப்புறம், பொடிய ஆரம்பித்த இதழை ஸ்கேன் வரிசையில் முதலில் வையுங்கள். அரிய இதழா என்பதை விட, அடுத்த முறை பிரித்தால் தாங்குமா என்பதே வரிசையைத் தீர்மானிக்கட்டும்.

பின் துருப்பிடித்து, நடுத்தாள் கழன்று வருகிறது

நடுவில் பின் அடித்த இதழ்களில் இது வந்தே தீரும். துரு பரவப் பரவப் பின்னைச் சுற்றிய தாள் தேய்ந்து ஓட்டையாகும். இதழை நடுப்பக்கத்தில் விரித்து மேசையில் வையுங்கள். உள்ளே மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் மெல்லிய தட்டையான கருவியால் நிமிர்த்துங்கள். தாளுக்கும் கருவிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கட்டும். கால்கள் நிமிர்ந்ததும் முதுகுப் பக்கமிருந்து பின்னை வெளியே இழுக்கலாம். ஆபீஸில் பயன்படுத்தும் பல் போன்ற பின் எடுப்பான் வேண்டாம். அது தாளையும் சேர்த்துப் பிடுங்கும்.

பின் எடுத்த கையோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது: தாள்கள் தட்டையாகப் படுக்கும், மடிப்புக்குள் ஒளிந்த எழுத்து வெளியே வரும். பக்க வரிசை குழம்பினால் ஒரு கணக்கு உதவும். அட்டையையும் சேர்த்து எண்ணிய 100 பக்க இதழில், ஒரே தாளின் ஒரே புறத்தில் வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் 101 வரும். 36ஆம் பக்கத்தின் ஜோடி 65. அட்டையைக் கணக்கில் சேர்க்காமல் உள்ளே 96 பக்கம் என்று எண்ணியிருந்தால் கூட்டுத்தொகை 97. ஒரு ஜோடி தப்பினாலும் எங்கோ ஒரு தாள் இல்லை என்று அர்த்தம்.

திரும்பக் கட்டும்போது பழைய ஓட்டைகளிலேயே கட்டுங்கள்: துருப்பிடிக்காத எஃகுப் பின், இல்லையென்றால் லினன் நூல். ஓட்டை பெரிதாகியிருந்தால் மடிப்பின் மேல் ஜப்பானியத் தாளின் மெல்லிய கீற்றை ஒட்டி அதன் வழியே தையுங்கள். கிழிசலுக்கும் இதே தாள்தான். பசை விஷயத்தில் நம்ம ஊர்ப் பைண்டிங் கடைப் பழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். மைதாப் பசையில் உள்ள புரதம் பூச்சிக்கு விருந்து. பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். செம்பு உப்பு தாளின் சிதைவை விரைவாக்கும். புரதம் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் பசை அல்லது மெத்தில் செல்லுலோஸ் போதும். இரண்டும் தண்ணீரில் மறுபடி இளகும், அதாவது பின்னால் வருகிறவர் நீங்கள் செய்ததைப் பிரிக்க முடியும். செல்லோ டேப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பசையில் ஒட்டிய முதுகு உடைந்து, பக்கங்கள் தனித்தனியாக விழுகின்றன

1990களின் தடிமனான இதழ்களில் பின் கிடையாது. சூடான பசையை முதுகில் தடவி ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை வயதானால் இறுகி விரிசல் விடும். ஒரு பக்கம் விழுந்தால் மற்றதும் விழும். விழுந்ததை ஃபெவிகால் தடவிச் சொருகாதீர்கள். விழுந்த வரிசையிலேயே ஸ்கேன் செய்து, அமிலமில்லாத தாள் உறையில் மொத்தமாக வையுங்கள். அவ்வளவுதான்.

பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன

ஆர்ட் பேப்பரின் பளபளப்பு களிமண் பூச்சிலிருந்து வருகிறது. அது நனைந்தால் இளகும், காயும்போது பக்கத்துத் தாளோடு சேர்ந்து இறுகும். நியூஸ்பிரிண்ட் நனைந்தால் நெளியும், சுருங்கும், ஆனாலும் பிரியும். ஆர்ட் பேப்பர் ஒருமுறை ஒட்டிக் காய்ந்தால் அநேகமாகப் பிரியாது.

எனவே இன்னும் ஈரமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஈரமாக இருந்தால் காயவிடாதீர்கள். பாலிதீன் பையில் போட்டு அன்றே ஃபிரீசரில் வையுங்கள். உறைந்த இதழ் கெடாமல் காத்திருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, பக்கங்களுக்கு நடுவே சிலிகான் பூச்சுள்ள தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் காயவைக்கலாம். ஆவணக் காப்பகங்களில் இதற்கென்றே வெற்றிடத்தில் உறையவைத்து உலர்த்தும் கருவி வைத்திருப்பார்கள். ஏற்கெனவே காய்ந்து கட்டியாகிவிட்டதா? இழுக்காதீர்கள். பிரியும் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து, '44 முதல் 51 வரை ஒட்டியுள்ளன' என்று பட்டியலில் எழுதி, இன்னொரு பிரதி தேடுங்கள்.

உறை பிசுபிசுக்கிறது, அட்டையின் மை அதில் ஏறிவிட்டது

உறை பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. மிருதுவாக இருப்பதற்காக அதில் கலந்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிந்து மையைக் கரைக்கிறது; பிளாஸ்டிக் சிதையும்போது அமில ஆவியும் வரும். உடனே வெளியே எடுங்கள். ஒட்டியிருந்தால் உறையைப் பின்பக்கம் வெட்டித் திறந்து, தட்டையாக மடித்து மெல்ல உரியுங்கள்.

கடைக்காரர் 'இது பிவிசி இல்லை சார்' என்பார். உறையின் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிதீன், பயமில்லை. மூழ்கினால் பிவிசியாகவும் இருக்கலாம், பாலியெஸ்டராகவும் இருக்கலாம். பாலியெஸ்டர் விறைப்பாக, மொடமொடப்பாக, மணமில்லாமல் இருக்கும். இருக்கிற உறைகளிலேயே அதுதான் சிறந்தது, விலையும் அதற்கேற்ப. பிவிசிக்குப் புதுச் செருப்பு வாசனை.

பூஞ்சை வாசனை, புள்ளிகள், பூச்சி

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சை முளைக்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடலோரத்தில் இருந்துகொண்டு இந்த இதழ்களைச் சேர்க்கிறவருக்கு இங்கிலாந்தின் லட்லோவிலோ அமெரிக்காவின் ரோச்செஸ்டரிலோ இருப்பவரை விட இது பெரிய எதிரி. ஈரப்பதம் அளக்கும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கி அலமாரிக்குள் வையுங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். மூடிப் பெட்டியும் சிலிகா ஜெல்லும் இருந்தால் முடியும். ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி ஈரம் போக்க வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தூரிகை நுனியால் தொட்டுப் பாருங்கள். இழுபட்டுப் பிசுக்கென்று தீற்றினால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது: இதழைத் தனியாகப் பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்துக் காத்திருங்கள். தூளாகப் பறந்தால் அது உறங்குகிறது: முகக்கவசம் போட்டு, நுண்வடிகட்டி உள்ள வேக்குவத்தின் வாயில் வலை கட்டி உறிஞ்சி எடுங்கள். வெயிலில் போடலாமா என்று கேட்பார்கள். பூஞ்சை சாகலாம், அட்டையின் சிவப்பும் மஞ்சளும் கூடவே போகும். நிழலும் காற்றும் போதும்.

ராமபாணப் பூச்சியும் கரப்பானும் அட்டையை மேலாகச் சுரண்டித் தின்னும். ஓட்டை வழவழப்பாக நேராகத் துளைத்திருந்தால் வண்டு. பைக்குள் காற்றில்லாமல் மூடி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், இல்லையென்றால் தாளின் மேல் ஈரம் படியும். பாச்சை உருண்டை உங்கள் உடம்புக்கே கெடுதல். வேப்பிலை காய்ந்து நொறுங்கித் தானே குப்பையாகும். துணியில் முடிந்த வசம்பை அலமாரியில் வைக்க ஆசையென்றால் வையுங்கள், பெட்டிக்குள் மட்டும் வேண்டாம்.

அட்டையில் பழுப்பான டேப் அடையாளம்

இது பழுதில்லை, சாட்சி. 8-பிட் காலத்து பிரிட்டிஷ் இதழ்கள் அட்டையில் கேசட் ஒட்டி விற்றன. பிறகு ஃப்ளாப்பி, அப்புறம் சிடி. அடையாளம் இருக்கிறது, கேசட் இல்லை என்றால் 'இணைப்பு இருந்தது, இப்போது இல்லை' என்று எழுதுங்கள். கேசட் கையில் இருந்தால் அதைத் தனி உறையில் வைத்து, இதழோடு ஒரே எண்ணால் இணையுங்கள். அழுந்தும் கேசட் அட்டையில் நிரந்தரப் பள்ளம் போடும். காந்த நாடா தாளை விடச் சீக்கிரம் சாகும், அதனால் அதன் உள்ளடக்கத்தை முதலில் கணினிக்கு ஏற்றிவிடுங்கள்.

ஸ்கேனில் படங்களின் மேல் அலை அலையாகக் கோலம்

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, அதிகமாகத் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

அச்சுப் படம் என்பது நான்கு நிறப் புள்ளிகளின் வலை. ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 133 அல்லது 150 வரிசைப் புள்ளிகள். நியூஸ்பிரிண்டில் 85 அளவில். ஸ்கேனருக்கும் தன் சொந்தக் கட்டம் உண்டு. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில்) அந்தக் கட்டமும் புள்ளி வலையும் ஏறக்குறைய மோதும் அளவில் வந்துவிடுவதால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு கோலத்தைப் போடுகின்றன. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு புள்ளியும் தெளிவாகப் பதியும், கோலம் பெரும்பாலும் மறையும். மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் புள்ளி நீக்கும் வடிகட்டியைப் போட்டு அளவைச் சுருக்குங்கள். ஸ்கேனர் மென்பொருளில் உள்ள 'டீஸ்கிரீன்' பொத்தானை ஸ்கேன் செய்யும்போதே அழுத்தினால் எழுத்தின் கூர்மையும் சேர்ந்து போகும், திரும்ப வராது.

அதன் பிறகும் விளையாட்டுப் படங்களில் மட்டும் கோடுகள் இருந்தால்? தாளைக் கொஞ்சம், ஒரு 15 டிகிரி சாய்த்து இன்னொரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள். கோலத்தின் வடிவம் மாறினால் குற்றவாளி ஸ்கேனர். தாளோடு சேர்ந்து அப்படியே சாய்ந்தால் அது அச்சிலேயே இருக்கிறது. 1980களில் விளையாட்டுத் திரையைப் பிடிக்க நேரடி வழி பெரும்பாலும் கிடையாது. அறையை இருட்டாக்கி, கேமராவை முக்காலியில் நிறுத்தி, குழாய் டிவியைப் படம் எடுத்தார்கள். படத்தின் ஓரம் வளைந்திருப்பதும், வரிகள் தெரிவதும், குறுக்கே ஒரு இருண்ட பட்டை ஓடுவதும் அதனால்தான். பிரிட்டனில் டிவி நொடிக்கு 50 முறை திரையை வரையும், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சுமார் 60. ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை விழும். இதை அழித்தால் அந்த இதழ் எப்படித் தயாரானது என்பதற்கான தடயத்தையே அழிக்கிறீர்கள். நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராமல் சிவப்பு விளிம்பு தெரிவதும் இதே கணக்குத்தான்: தாளை 90 டிகிரி திருப்பி ஸ்கேன் செய்யும்போது விளிம்பும் திரும்பினால் அது அச்சகத்துப் பிழை, விட்டுவிடுங்கள்.

பின்பக்க எழுத்து முன்னால் தெரிகிறது

ஸ்கேனர் மூடியின் வெள்ளைதான் காரணம். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள். பக்கம் ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியும். அதை நகலில் சரிசெய்துகொள்ளலாம்.

மேலிருந்து கீழாக ஒரே நேர்கோடு, எல்லாப் பக்கத்திலும்

தானாகத் தாள் இழுக்கும் ஸ்கேனர் வைத்திருக்கிறீர்கள், அதன் கண்ணாடிக் கீற்றில் ஒரு தூசி. துடையுங்கள். பொடியும் தாளை அந்த வகை ஸ்கேனரில் விடவே கூடாது என்பது வேறு விஷயம்.

மடிப்புப் பக்கம் மங்கலாக, இருட்டாக வருகிறது

மெல்லிய, யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் ஸ்கேனர்கள் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். அரை சென்டிமீட்டர் தூக்கினாலே மங்கும். சிசிடி உணரி கொண்ட பழைய, கனமான தட்டை ஸ்கேனர்கள் இந்த விஷயத்தில் தேவலாம்; பழைய சாமான் விலைக்கும் கிடைக்கும். பின் எடுக்காமல் ஸ்கேன் செய்ய வேண்டுமென்றால் அதைத்தான் தேட வேண்டும். முதுகை வெட்டி ஸ்கேன் செய்யும் வழக்கமும் உண்டு. நூற்றுக்கணக்கான பிரதிகள் புழங்கும் இதழுக்கு அது நியாயமாக இருக்கலாம். அரிய இதழில் என் ஓட்டு எதிராக.

ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு நிறத்தில் வருகிறது

தானியங்கி வெளிச்சம், தானியங்கி நிறம் இரண்டையும் அணையுங்கள். ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும்போது நிற அளவு அட்டை ஒன்றை ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் போடுங்கள். ஒளிரும் மை, உலோக மை அட்டைகள் எந்த ஸ்கேனரிலும் சரியாக வராது. 'அட்டைத் தலைப்பு ஒளிரும் ஆரஞ்சு' என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது.

எழுத்தறிதல் மென்பொருள் உளறுகிறது

எந்தப் பக்கத்தில் உளறுகிறது என்று பாருங்கள். படத்தின் மேல் மஞ்சள் எழுத்து என்றால், நிற அலைவரிசைகளைப் பிரித்து எதில் எழுத்து தெளிவோ அதை மட்டும் மென்பொருளுக்குக் கொடுங்கள். ஜப்பானிய இதழில் மேலிருந்து கீழாக ஓடும் பத்திகளுக்கு டெசராக்ட் மென்பொருளில் தனி மொழிக் கோப்பு உண்டு. கிடைமட்ட எழுத்துக்கானதை வைத்துக்கொண்டு போராட வேண்டாம்.

தொல்லையே வாசகர் தட்டச்சு செய்ய வேண்டிய நிரல் பட்டியல்கள்தான். 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' ஆரம்ப இதழ்களில் பக்கம் பக்கமாக இவை இருக்கும். பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும், ஒன்றும் சிறிய 'எல்'லும் மாறினால் கட்டுரை படிக்கக் கிடைக்கும், நிரல் ஓடாது. இவற்றை எமுலேட்டரில், அதாவது பழைய கணினி போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், ஓட்டிப் பார்ப்பதே சோதனை. ஓடவில்லையென்றால் மென்பொருளைத் திட்டும் முன் அடுத்த ஓரிரு இதழ்களின் திருத்தப் பகுதியைப் பாருங்கள். அச்சிலேயே தப்பாக வந்து பிறகு மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அப்படிக் கிடைத்தால் இரண்டு இதழ்களையும் பட்டியலில் இணைத்துவிடுங்கள்.

பட்டியலில் ஒரு மாதம் இல்லை, அல்லது ஒரே மாதம் இரண்டு முறை

அட்டையில் உள்ள தேதியை வெளிவந்த நாள் என்று எடுத்துக்கொண்டால் இது நடக்கும். அட்டைத் தேதி பெரும்பாலும் கடைக்கு வந்த நாளை விட முன்னே ஓடும். பிரிட்டனில் வருடத்துக்கு 13 இதழ் போடும் வழக்கம் உண்டு. அந்தப் பதின்மூன்றாவதில் மாதம் இல்லாமல் 'கிறிஸ்துமஸ்' என்று மட்டும் இருக்கும். 'நின்டெண்டோ பவர்' முதல் இதழே ஜூலை–ஆகஸ்டு 1988 என்று இரண்டு மாதப் பெயரோடு வந்தது. ஜப்பானிய இதழ்களில் பேரரசர் ஆண்டு அச்சாகியிருந்தால், ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டுங்கள் (ஷோவா 61 என்றால் 1986), ஹெய்செய் என்றால் 1988ஐக் கூட்டுங்கள். புத்தாண்டை ஒட்டி இரண்டு வார இதழை ஒன்றாகக் கட்டிப் போடுவதும் அங்கே சகஜம்.

தேதிக்கு ஒரு கட்டம் போதாது. அச்சில் உள்ளது உள்ளபடி ஒன்று, வரிசைப்படுத்த எண்ணாக ஒன்று, உள்ளே 'அடுத்த இதழ் இந்தத் தேதியில் கிடைக்கும்' என்ற அறிவிப்பிலிருந்து கிடைத்தால் விற்பனை நாள் ஒன்று.

எண் வரிசையில் ஓட்டை

'நின்டெண்டோ பவர்' சேர்க்கிறவர்களுக்கு 13, 15, 17, 19 கிடைக்காமல் போவது வழக்கம். கிடைக்காததற்குக் காரணம், அவை இதழ் மாதிரியே இருக்காது. 1990இல் ஒன்றுவிட்டு ஒரு எண்ணை வழிகாட்டிப் புத்தகமாக வெளியிட்டார்கள்: 13 சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3, 15 நின்ஜா காய்டன் 2, 17 ஃபைனல் ஃபேன்டஸி, 19 நான்கு பேர் ஆடும் விளையாட்டுகள். விற்கிறவர் அதை 'கேம் கைடு' என்று வேறு பெட்டியில் போட்டிருப்பார். 1991 முதல் மாத இதழாகி, 2012 டிசம்பரில் 285ஆவது எண்ணோடு நின்றது. இதில் 'தொகுதி' என்று அச்சிட்டிருப்பது உண்மையில் இதழ் எண்தான்; நூலகப் பழக்கத்தில் தொகுதி, எண் என்று இரண்டாகப் பிரிக்கப் போனால் குழப்பம்.

ஒரே பெயரில் இரண்டு முதல் இதழ், அல்லது பெயரே மாறிவிட்டது

'யுவர் ஸ்பெக்ட்ரம்' 1986 ஜனவரியில் 'யுவர் சின்க்ளேர்' ஆனது. எண் மறுபடி 1. 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' 1985இல் பெயர் மாறி நின்றுபோய், 1992இல் வேறு பதிப்பாளரிடம் அதே பெயரில் புது எண்ணோடு வந்தது. 'மீன் மெஷின்ஸ்' 1992இல் செகாவுக்கு ஒன்று, நின்டெண்டோவுக்கு ஒன்று என இரண்டாகப் பிரிந்தது. 'ஃபாமிட்சு'வோ 'ஃபாமிகான் சூஷின்' என்ற பெயரில் தொடங்கி, 1991இல் வார இதழாகி, பிறகு பெயரையும் சுருக்கிக்கொண்டது.

எல்லாவற்றையும் இன்றைய பெயருக்குக் கீழே கொட்ட வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பதிவு, 'முன்னது', 'பின்னது' என்று இணைப்பு. ஐஎஸ்எஸ்என் எண் (இதழ்களுக்குத் தரப்படும் சர்வதேச அடையாள எண்) மாறியிருக்கிறதா பாருங்கள். மாறியிருந்தால் நூலகத்தாரும் உங்களோடு ஒத்துப்போகிறார்கள். ஐரோப்பிய இதழ்களின் பார்கோடு 977இல் தொடங்கினால் அதற்குள்ளேயே ஐஎஸ்எஸ்என் இருக்கும், பக்கத்தில் உள்ள சின்ன இரண்டு இலக்கம் இதழைச் சொல்லும்.

பக்கங்கள் இல்லை

முதலில் மேலே சொன்ன கூட்டல் கணக்கு. கூப்பன் வெட்டியதா, நடுப் போஸ்டர் உருவியதா என்று பாருங்கள். வெட்டு நேராகக் கத்தரிக்கோல் தடத்தோடு இருந்தால் பழைய வாசகர்.

ஆனால் 'கிராஷ்' 19ஆம் இதழ், ஆகஸ்டு 1985, உங்கள் கையில் இருந்து, உள்ளே தாள் கிழிந்திருந்தால் விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். லட்லோவில் இருந்த நியூஸ்ஃபீல்டு நிறுவனம் அந்த இதழில் போட்டி இதழான 'சின்க்ளேர் யூசர்' மாதிரியே கேலிப் பக்கங்கள் போட்டது. 'சின்க்ளேர் யூசரை' வெளியிட்ட இமாப் நிறுவனம் நீதிமன்றத் தடை வாங்கியது. அந்தப் பக்கங்களைக் கிழித்து எடுத்த பிறகே இதழ் மறுபடி விற்பனைக்கு வந்தது. ஆகவே கிழிந்த பிரதியும் முழுப் பிரதிதான், ஒரு வகையில். இரண்டையும் இரண்டு பதிவாக எழுதுங்கள்: 'பதிப்பாளர் நீக்கியது', 'நீக்கம் இல்லாதது'. 'குறைபாடு' என்ற ஒரே கட்டத்தில் இதையும் வெட்டிய கூப்பனையும் போட்டால் பட்டியல் பொய் சொல்கிறது.

இதழில் உள்ள தகவலே தவறு

'எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி' 1992 ஏப்ரலில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'இல் ஷெங் லாங் என்ற ரகசிய வீரர் இருப்பதாக எழுதியது. முட்டாள்கள் தின விளையாட்டு. வேறு இதழ்களும் நம்பிப் பிரசுரித்தன. உள்ளடக்கத்தைப் பட்டியலிடும்போது இதைத் திருத்தாதீர்கள், நீக்காதீர்கள். குறிப்புக் கட்டத்தில் 'புரளி' என்று போட்டு, அதை நம்பிப் பிரசுரித்த இதழ்களுக்கு இணைப்புக் கொடுங்கள். ஏப்ரல் இதழ் என்றால் எப்போதும் ஒரு கண் வையுங்கள்.

ஏற்கெனவே யாரோ ஸ்கேன் செய்துவிட்டார்கள்

இருக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடுங்கள். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2025 ஜனவரியில் திறந்த மின்னூலகத்தில் 1,500க்கும் மேற்பட்ட இதழ்களை எழுத்தைத் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்கேன் இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். விளம்பரப் பக்கம் இருக்கிறதா, பின் அட்டை இருக்கிறதா, எழுத்து பெரிதாக்கினால் உடைகிறதா? விளம்பரத்தை 'தேவையில்லாதது' என்று விட்டுவிட்ட ஸ்கேன்கள் ஏராளம். வெளிவராமலே போன விளையாட்டுகளுக்குச் சில சமயம் அந்த விளம்பரம் மட்டும்தான் மிச்சம். குறை இருந்தால் உங்கள் பிரதியிலிருந்து அந்தப் பக்கங்களை மட்டும் கொடுத்தாலே பெரிய உதவி.

சந்தாதாரருக்கு அஞ்சலில் போன பிரதி என்றால் அட்டையில் முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கும். மூலக் கோப்பில் இருக்கட்டும், பகிரும் நகலில் பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். சீட்டு இருந்தது என்பது மட்டும் பட்டியலில். பதிப்புரிமை பெரும்பாலான இதழ்களுக்கு இன்னும் உயிரோடு இருப்பதையும் பகிரும் முன் யோசியுங்கள்.

இடம் போதவில்லை, கோப்பு திறக்கவில்லை

ஏ4 பக்கம் 600 டிபிஐயில், முழு நிறத்தில், சுருக்காமல் சுமார் 104 எம்பி. நூறு பக்க இதழ் பத்து ஜிபியைத் தொடும். இழப்பில்லாத சுருக்கத்தோடு டிஃப் கோப்பாக வைத்தால் கணிசமாகக் குறையும். படிப்பதற்கு பிடிஎஃப் தனியாகச் செய்துகொள்ளலாம். அதை மூலம் என்று வைத்துக்கொண்டு டிஃபை அழிப்பது மட்டும் கூடாது.

கோப்பின் பெயரில் இதழ், மூன்று இலக்க எண், ஆண்டு-மாதம் என்ற வரிசை இருந்தால் கணினியே அடுக்கிவிடும்: கிராஷ்_019_1985-08 என்பது போல. அட்டையில் மாதம் இல்லாத இதழுக்கு மாத இடத்தில் 00 போடுங்கள். ஸ்கேன் முடிந்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் எண்) எடுத்து ஒரு உரைக் கோப்பில் சேமியுங்கள். மூன்று நகல், அதில் ஒன்று வேறு வீட்டில். ஒரு நகல் திறக்க மறுத்தால் மற்ற இரண்டின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, உரைக் கோப்போடு எது பொருந்துகிறதோ அதிலிருந்து மீட்டெடுங்கள். மூன்றில் எதுவும் பொருந்தவில்லையென்றால் பெட்டியைத் திறந்து இதழை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதுதான்.